மேற்படியாருக்கு ஒரு பிடி எள்

“அப்பா பேரைச் சொல்லுங்கோ.”

சொன்னேன்.

“தாத்தா?”

சொன்னேன்.

“அவரோட அப்பா?”

அக்னி தீர்த்தக் கரையில் ஈர வேட்டியும் விரலில் தர்ப்பையுமாக விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 2024 தை அமாவாசை. அப்பா போன மறு வருஷம். பக்கத்தில் இருந்தவர் மூன்று பெயர்களையும் கடகடவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தார். சாஸ்திரிகளுக்கு என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. “தெரியலேன்னா பரவாயில்லை, பிரபிதாமகர்னே சொல்லிக்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

கோத்திரம் கேட்டபோதும் எனக்குத் தெரியவில்லை. சிவகோத்திரம் என்று அவரே சொல்லிக்கொண்டார். அது உறுத்தவில்லை. பெயர் தெரியாததுதான் உறுத்தியது. தர்ப்பணத்தில் தகப்பன் வழியில் கூப்பிடுவது மூன்றே பேரை. அப்பா வசு ரூபம், தாத்தா ருத்ர ரூபம், அவருடைய அப்பா ஆதித்ய ரூபம். அந்த மூன்று பேரில் ஒருவரை நான் தொலைத்திருக்கிறேன். அப்புறம் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார்கள். கடைசியில் கோடி தீர்த்தம் விழுந்தபோதும் மனசு அந்த இலையிலேயே இருந்தது.

எங்கள் வீட்டில் அவருக்கு ‘கண்டிக்குப் போனவர்’ என்றுதான் பெயர். முசிறிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அந்தப் பக்கமெல்லாம் கண்டி என்றால் கண்டி நகரம் மட்டுமல்ல, இலங்கையின் மலைத்தோட்டம் முழுக்கக் கண்டிச் சீமைதான். 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு ஒத்திக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார், திரும்பவே இல்லை. இவ்வளவுதான் வீட்டில் வழங்கி வந்த கதை. அப்பாயியிடம் சின்ன வயதில் பெயர் கேட்டிருக்கிறேன். “மாமனார் பேரைப் பொம்பள சொல்லுவாளாடா?” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. தாத்தா கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் போய்விட்டதால், தாத்தாவும் அவரைப் பற்றிப் பேசியதில்லை. எல்லாரும் போன பிறகு கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வழக்கமாக நடப்பதுதான்.

ராமேஸ்வரத்திலிருந்து திரும்பிய வாரமே பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். கிஸ்தி ரசீதுகள், ஓர் உடைந்த மூக்குக்கண்ணாடி, மொய் நோட்டுகள் மூன்று, துணியில் சுற்றிய பத்திரங்கள்.

மொய் நோட்டில் மூத்தது 1941-இல் நடந்த தாத்தா கல்யாணத்துடையது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, ‘விஷு வருஷம்’, ‘மொய் வரவு’. வழக்கமாக அங்கே மாப்பிள்ளையின் தகப்பனார் பெயர் இருக்கும். இதில் தாத்தாவின் தாய்மாமன் பெயர். அவர்தான் நின்று கல்யாணத்தை நடத்தியிருக்கிறார். பக்கம் பக்கமாக நாலணா, எட்டணா, ஒரு ரூபாய். நாலாம் பக்கத்தில் ஒரு வரி: ‘கண்டியிலிருந்து மணியார்டர், மாப்பிள்ளை தகப்பனார், ரூ. 10.’

அந்த வரியை எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியாது. சொந்த மகன் கல்யாணத்தில் விருந்தாளி போல மொய் எழுதியிருக்கிறார் மனிதர். வந்திருக்கக் கூடாதா என்று கோபம்கூட வந்தது. ஆனால் கூலி வேலைக்கு இலங்கை போவதை 1939-இல் இந்திய அரசு தடை செய்திருந்தது. வந்தால் மறுபடி போக முடியுமோ முடியாதோ என்று பயந்திருக்கலாம். இது என் ஊகம்தான். மொய் நோட்டில் காரணமெல்லாம் எழுத மாட்டார்கள். பெயரையும் எழுதவில்லை, அதுதான் வருத்தம்.

அப்புறம் பத்திரங்கள். ஒத்திப் பத்திரம் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. முதல் தாளைச் செல் அரித்துவிட்டிருந்தது. ‘திருச்சினாப்பள்ளி ஜில்லா முசிறி தாலூகா’ என்பது வரை இருக்கிறது, அதற்குக் கீழே சல்லடை. ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று வரும் இடம் அதுதான். மீதித் தாள்களில் அவர் எங்கும் இருக்கிறார், பெயர் மட்டும் இல்லை. அந்தக் காலத்து எழுத்தர்கள் வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳ என்று சுருக்கி எழுதுவார்கள். மேற்படி என்பதற்கு ௸. ஒருமுறை பெயரைச் சொல்லிவிட்டால் அப்புறம் முழுக்க ௸தான். ௸யார் நிலம், ௸யார் வாங்கிக்கொண்ட ரொக்கம், ௸யார் சம்மதம். கடைசித் தாளின் அடியில் கோணலாக ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் எழுத்தர் கையால் ‘இது ௸யார் கீறல்’. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் பேனாவை இறுக்கிப் பிடித்து இழுத்த இரண்டு கோடுகள். மை ஒரு முனையில் தேங்கிப் பழுப்பாகக் காய்ந்திருந்தது. பூட்டனாரின் கைபட்டதென்று என்னிடம் இருப்பது அந்தக் கீறல் ஒன்றுதான்.

அதே தாளின் பின்பக்கம் உதவியது. பிற்காலத்தில் தாத்தா அந்த ஒத்தியைத் திருப்பியிருக்கிறார். கடன் தீர்ந்ததாக எழுதிய குறிப்பில், ஒத்தி எழுதிய காலம் ‘ரக்தாக்ஷி ௵ புரட்டாசி ௴’ என்றும், அதாவது 1924 என்றும், அதன் பதிவு நம்பரும் இருந்தன. பதிவான பத்திரத்தை அந்த நாளில் அலுவலகப் புத்தகத்தில் கையால் அப்படியே பெயர்த்து எழுதி வைப்பார்கள். அசல் அழிந்தாலும் நம்பரும் வருஷமும் தெரிந்தால் நகல் கேட்கலாம். மனுப் போட்டேன். நடந்தேன். இன்னொரு மனுப் போட்டேன். அந்த அலைச்சலைச் சொன்னால் இது பயணக் கட்டுரையாக இருக்காது.

நகல் கைக்கு வந்த அன்று அலுவலக வாசல் டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து பிரித்தேன். நாலாவது வரி. ‘குமாரர்’ என்ற சொல்லுக்கு அடுத்து அவர் பெயர்.

அப்பாவின் பெயர்.

ஒரு நிமிஷம் ஏதோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெயரன் என்பதுதானே பேரன் ஆயிற்று? தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் சாமி பெயர் என்பதால் எங்களுக்கு அந்த நினைப்பே வரவில்லை. அப்பாயி கடைசிவரை அப்பாவை அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லை. ‘பெரியதம்பி’தான். மூத்த மகன் மேல் மரியாதை என்று நாங்கள் நினைத்திருந்தோம். வீட்டுக்குள் மாமனார் பெயரையே மகனுக்கு வைத்துவிட்டு அதைச் சொல்ல முடியாமல் வாழ்ந்திருக்கிறது அப்பாயி.

2025 ஆடி அமாவாசைக்கு மறுபடி கிளம்பினேன். சென்ற முறை பாம்பன் ரயில் பாலம் மூடியிருந்ததால் மண்டபத்தோடு ரயில் நின்றுவிட்டது, அங்கிருந்து பஸ். இந்த முறை ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் மேலேயே போனது. எல்லாரும் தூக்குப் பாலத்தைப் படமெடுக்கச் செல்போனோடு வாசலில் முண்டியடித்தார்கள். நான் அதற்கு முன்பே, மண்டபம் கேம்ப் ஸ்டேஷன் பெயர்ப் பலகை வந்தபோதே எழுந்து நின்றுவிட்டேன். தோட்டத்துக்குப் போகிறவர்களை இலங்கை அரசு நிறுத்திவைத்து, நோய் நொடி இருக்கிறதா என்று பரிசோதித்து அனுப்பிய முகாம் இருந்த இடம். அங்கிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இன்றைக்கு அங்கே இருப்பது இலங்கையிலிருந்து வந்த அகதிகளின் முகாம்.

அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமில்லை. வேறு சாஸ்திரிகள், அதே கேள்விகள். மூன்றாவது பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

“அப்பா பேரையே திருப்பிச் சொல்றேளே?”

“ரெண்டு பேருக்கும் ஒரே பேருங்க சாமி.”

“ஓ, பேரனா? பேஷ்” என்று சொல்லி எள்ளை அள்ளி என் கையில் வைத்தார். மந்திரத்தில் அந்தப் பெயர் இரண்டு முறை வந்தது. எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் வழிந்தன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விட வேண்டும் என்று அவர் இரண்டு தடவை திருத்தினார்.

தீர்த்தமாடி, உலர்ந்த துணி மாற்றி, வரிசையில் நின்று சுவாமி சன்னிதிக்குப் போக மதியமாகிவிட்டது. ராமர் பிரதிஷ்டைக்காக லிங்கம் கொண்டுவரக் கயிலைக்குப் போன அனுமன் வரத் தாமதமானது, சீதை மணலில் பிடித்த லிங்கத்துக்கே பூஜை நடந்தது எல்லாம் தெரிந்த கதை. தாமதமாக வந்த அந்த விஸ்வலிங்கத்துக்குத்தான் இங்கே முதல் பூஜை. இத்தனை வருஷம் போய் வந்தும் அதைத் தலபுராணத் தகவலாகத்தான் வைத்திருந்தேன். அன்றைக்கு விஸ்வநாதர் முன்னால் நின்றபோது கண் கலங்கிவிட்டது. பின்னால் இருந்தவர் முதுகில் தள்ளினார், நகர்ந்தேன்.

சாயங்காலம் தனுஷ்கோடிக்கு வேன் பிடித்தேன். 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த சர்ச் சுவர்களின் ஓரமாகச் சங்கு, பாசி மணி விற்கிறார்கள். அரிச்சல்முனையில் இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் குளம் போல் கிடந்தது, இன்னொரு பக்கம் அலை. கப்பலேறும்போது அவருக்கு முப்பது வயதுகூட இருந்திருக்காது.

அத்தையிடமிருந்து போன் வந்தது. அப்பாவுக்குத் தங்கை, எழுபதைத் தாண்டியாகிவிட்டது, காது கொஞ்சம் மந்தம்.

“பேரைச் சொல்லி எள்ளு விட்டியாப்பா?”

“விட்டேன் அத்தை.”

“என்னது?”

“விட்டுட்டேன் அத்தை!”

“சத்தமாச் சொன்னியா? நம்ம வீட்ல யாரும் அந்தப் பேரைச் சத்தமாச் சொன்னதில்ல.”

“சொன்னேன்.”

“எங்கே, எனக்கு ஒருக்காச் சொல்லு.”

காற்று பலமாக இருந்தது. போனை வாயருகே வைத்துச் சொன்னேன். சங்கு விற்கிற பையன் திரும்பிப் பார்த்தான்.