அப்பாவின் மாத்திரை அட்டை

நவம்பர் 4
அட்டையை எண்ணினேன். 17 இருக்க வேண்டும். 41 இருக்கிறது.

நவம்பர் 5
கேட்டே விட்டேன். "நல்லாத்தான இருக்கேன் மக்ளே" என்றார். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் போட ஆரம்பித்ததிலிருந்து வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாலே முகம் எரிகிறதாம். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் வேண்டும் என்று முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். கடலில் வெயிலுக்கு எங்கே ஒதுங்குவது? ரத்தம் கட்டியாகாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் வேறு. போன மாதம் தூண்டில் முள் குத்தி ரத்தம் நிற்கவே இல்லையாம், வள்ளத்தில் கூட இருந்தவர்கள் பயந்துவிட்டார்களாம். முட்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற சோதனை) பார்க்கப் போனால் அன்றைய தொழில் போச்சு. மறந்து போனார் என்று நினைத்திருந்தேன். இது மறதி இல்லை.

நவம்பர் 6
இரவு 2 மணி. தூங்குகிறவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். சீராக இருக்கிறது.

நவம்பர் 8
சீராக இருப்பதுதான் பயமாக இருக்கிறது. அமியோடரோன் உடம்புக் கொழுப்பில் தங்கிவிடும், நிறுத்தினாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வேலை செய்யும். நிறுத்தியும் நன்றாக இருக்கிறேன் என்று அப்பா சொல்வது அந்த மாத்திரையின் மிச்சத்தை வைத்துத்தான். வார்ஃபரின் அப்படி இல்லை, சில நாளில் போய்விடும். துடிப்பு தாறுமாறானால் இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால்? அப்பாவுக்கு இருக்கும் இந்த மேலறைத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து கிட்டத்தட்ட 5 மடங்கு. பெரியப்பாவின் கோணிய வாய் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

நவம்பர் 9
பூசை முடிந்து வந்ததும் அம்மாவிடம் முருங்கைக்கீரைக்காகக் கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும்தான், ஆனால் விலக்க வேண்டியதில்லை, ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். அம்மா சாயங்காலம் வரை பேசவில்லை.

நவம்பர் 11
ஐஎன்ஆர் 1.1. 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டியது.
டாக்டர் திட்டவில்லை. "எதனால நிறுத்துனீங்க?" என்று அப்பாவிடமே கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லாமல் நெற்றியைக் காட்டினார், பிறகு உள்ளங்கையை. ஈசிஜி எடுத்தார்கள். அமியோடரோனுக்குப் பதில் வேறு மாத்திரை தரலாமா என்று பார்க்கிறாராம். வார்ஃபரின் இன்றிலிருந்தே. பஸ்ஸில் அப்பா ஜன்னலைப் பார்த்தபடி, "இத மொதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். நானும்தானே கேட்கவில்லை.

நவம்பர் 12
40.

நவம்பர் 13
39. முழுக்கைச் சட்டை ஒன்று வாங்கினேன். போட்டுக்கொண்டார்.

நவம்பர் 14
இரவு 2 மணி. இடையில் ஒரு துடிப்பு விட்டுப்போன மாதிரி இருந்தது. மறுபடி பிடித்துப் பார்த்தேன்.