தண்ணீரும் நாட்டுப் பாதுகாப்புதான்

2022 சித்திரைப் புத்தாண்டு அன்று, தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரான டொங்காட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஏப்ரல் 11, 12 தேதிகளில் கொட்டிய மழை ஊரின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தையே நாசமாக்கியிருந்தது. டர்பன் பக்கம் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்களுக்குப் பழையபடி தண்ணீர் வர மாதக்கணக்கில் ஆனது.

லாரி எப்போது வரும் என்று தெரியாமல் பக்கெட்டோடு தெருமுனையில் நிற்போம். முதலில் எல்லோரும் பாட்டிமாருக்கு வழிவிட்டார்கள். சில வாரம் போனதும், அந்தத் தெருவுக்கு இரண்டு தடவை வந்தது, நமக்கு மட்டும் ஏன் வரவில்லை என்ற பேச்சு கிளம்பியது. ஜோஜோ டாங்க் என்னும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வாங்க முடிந்தவர்கள், முடியாதவர்கள் என்று ஒரே தெரு இரண்டாகப் பிரிந்தது. 300க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த 2021 ஜூலைக் கலவரம் நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அப்போது தெருவில் இரவுக்காவல் நின்றவர்கள்தான் இப்போது தண்ணீர் வரிசையில் நின்றார்கள். பயம் அடங்காத ஊரில் தண்ணீரும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அன்று எனக்கு உண்மையிலேயே கலக்கமாக இருந்தது.

அரசு தேசியப் பேரிடர் என்று அறிவித்து, 10,000 ராணுவத்தினரை அனுப்புவதாகச் சொன்னது. பிளம்பர்கள், எலக்ட்ரீஷியன்களும் அதில் உண்டு. அதே ராணுவத்தின் ஒரு பிரிவு அப்போது பக்கத்து நாடான மொசாம்பிக்கின் காபோ டெல்காடோ மாகாணத்தில் கிளர்ச்சியாளர்களோடு மோதிக்கொண்டிருந்தது. ஒரு படையை எத்தனை பக்கம் இழுப்பது? டர்பன் துறைமுக வேலையும் தடைப்பட்டது. நாட்டின் கண்டெய்னர்களில் பாதிக்கு மேல் இந்த வழியாகத்தான் போய்வருகின்றன.

இதை விதி என்று விட்டுவிட முடியாது. இந்த அளவு மழை முன்பு சுமார் 40 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது, பருவநிலை மாற்றத்தால் இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை வரலாம் என்று வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற ஆய்வுக் குழுவின் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

முக்கியக் கட்டமைப்புகளைக் காக்க 2019-ல் ஒரு சட்டமே வந்திருக்கிறது. சரி, வேலியும் காவலாளியும் திருடனைத் தடுப்பார்கள், ஆற்றைத் தடுப்பார்களா? பம்புகளை உயரத்தில் வைப்பதும் வடிகால்களைத் தூர்வாருவதும் பாதுகாப்புச் செலவுதான். நகராட்சித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்கப்போவது இது: அடுத்த வெள்ளத்தை எங்கள் சுத்திகரிப்பு நிலையம் தாங்குமா? தாங்காவிட்டால் முதல் லாரி எத்தனை மணி நேரத்தில் எங்கள் தெருவுக்கு வரும்?