அத்தை கொண்டுவந்த கங்கை

காசி யாத்திரை முறைப்படி ராமேஸ்வரத்தில் தொடங்கி ராமேஸ்வரத்தில் முடிய வேண்டும். சேதுவில் மணல் எடுத்து, லிங்கமாகப் பிடித்துப் பூஜித்து, அதைப் பிரயாகைக்குக் கொண்டுபோய்த் திரிவேணி சங்கமத்தில் கரைப்பார்கள். பிறகு கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தி.

என் அத்தை இதில் முக்கால்வாசியை முடித்திருந்தார். மணல் பிரயாகை போய்ச் சேர்ந்தது. கங்கை ஒரு சின்னச் செம்பில் எங்கள் வீட்டுக்கு வந்து பூஜை அலமாரியில் உட்கார்ந்தது. பங்குனியில் காசியிலிருந்து திரும்பியவர், ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போவதாக இருந்தார். ஆனியில் ஒரு காலை, காபி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவ எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். வாசலுக்கு ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு நோய்நொடி கிடையாது, மாத்திரை என்று ஒன்று போட்டதில்லை. முந்தின நாள் ராத்திரிகூட, பாம்பனில் புதுப் பாலத்தை எப்போது திறப்பார்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரைக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்தார். டிரங்க் கால் காலம். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தேவிபட்டினம் என்று நாள் முழுக்க ஊர்ப் பெயர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். "பேரை மட்டும் கேட்டுட்டு எப்படிடா சும்மா இருக்கிறது?" என்பார். லீவு கிடைத்தால் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். பெண் பிள்ளை தனியாகப் போகிறதே என்று ஆயா புலம்பியதெல்லாம் அவரை நிறுத்தவில்லை. போன இடத்திலிருந்து போன் வரும். எடுத்தால் முதல் வார்த்தை, "திருச்செந்தூர் பேசுது", "பழனி பேசுது" என்றுதான் இருக்கும். ரிட்டயர் ஆகி ஒரு யாத்திரைக் குழுவோடு வடக்கே போனபோதும் அப்படித்தான். "பிரயாகை பேசுது. யமுனை பச்சையா வருதுடா, கங்கை மண் கலரா வருது, ரெண்டும் சேர்ற இடத்துல கோடு போட்ட மாதிரி தெரியுது. படகுக்காரர்கிட்ட சைகையிலேயே கேட்டு, இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டேன்."

ருசி பார்ப்பது அவருடைய வழக்கம். பையில் எப்போதும் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் இருக்கும். எந்தக் கோயில் குளத்துக்கும் கிணற்றுக்கும் அந்த டம்ளரோடுதான் போவார். ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் ஒவ்வொரு வாய் குடித்து, எது இனிப்பு, எது லேசாகக் கரிக்கிறது என்று சொன்னவரை நான் வேறு பார்த்ததில்லை. கூட வந்தவர்கள் "புண்ணிய தீர்த்தத்தைப் போய் ருசி பார்ப்பார்களா" என்று முகம் சுளித்தார்கள். அத்தைக்கு அதுதான் கும்பிடுவது. சாமி செய்து வைத்ததைச் சரியாகப் பார்க்காமல் கையை மட்டும் கூப்பிவிட்டு வருவது அவருக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றியது. அவரைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். அவருடைய பக்தியில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

வருஷத் திதி முடியும்வரை யாத்திரை போகக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். முடிந்த பிறகு, செம்பைப் புதுத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காரைக்குடியில் ரயில் ஏறினேன்.

பாம்பன் பாலத்துக்கு அத்தை ஒருமுறை தனியாகவே யாத்திரை போயிருக்கிறார், கோயிலுக்குப் போகிற மாதிரி. 1914இல் திறந்த பழைய பாலத்தின் நடுவில் இரண்டு கைகளாகப் பிரிந்து தூக்கும் பகுதி உண்டு. கப்பல் வரும்போது ஆட்கள் நின்று நெம்புகோலைக் கையால் தள்ளித் தள்ளித்தான் அதைத் திறப்பார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்று பாம்பனில் இறங்கி, பகல் முழுக்க வெயிலில் உட்கார்ந்து, பார்த்துவிட்டுத்தான் வந்தார். 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் நின்றது. யாத்திரைக்கு மணல் எடுக்க அவர் பஸ்ஸில்தான் போனார். பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த புதுப் பாலத்தை அப்போது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து, இதில் எது தூக்கும், எப்படித் தூக்கும் என்று என்னைத் துளைத்தெடுத்தார். எனக்கும் தெரியாது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி பாலம் திறந்த பிறகுதான் நானே தேடிப் படித்தேன். நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி இரண்டு கோபுரங்களுக்கு நடுவே அப்படியே படுத்த வாக்கில் 17 மீட்டர் மேலே போகிறது. எல்லாம் மின் மோட்டார், கையால் தள்ளுவது கிடையாது. ரயில் அதன் மேல் ஊர்ந்துபோனபோது இதையெல்லாம் மடியிலிருந்த செம்பிடம் வாய்விட்டுச் சொன்னேன். எதிர் சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு செம்பைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

விடியற்காலை அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டேன். பெயர்தான் அக்னி, அந்தக் கடலில் அலையே இல்லை. கரையில் வரிசையாகத் தர்ப்பணம் நடந்துகொண்டிருந்தது. அத்தையின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார்கள். அந்தப் பெயரை வாய்விட்டு நான் சொன்னதே இல்லை. வீட்டில் அவர் எப்போதும் "அத்தை"தான். தொண்டையில் சிக்கிக்கொண்டது. சாஸ்திரிகள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

ஈரத்துணியோடு உள்ளே போனால் தீர்த்தக் கிணறுகள். மகாலட்சுமி தீர்த்தத்தில் ஆரம்பித்து கோடி தீர்த்தத்தில் முடியும். கிணற்று விளிம்பில் நிற்கிற ஆட்கள் கயிற்றில் வாளியை வீசி இழுத்துத் தலையில் ஊற்றுகிறார்கள். இங்கே அத்தைக்கு ரொம்பப் பிடித்தவை நளன், நீலன், கவயன், கவாட்சன், கந்தமாதனன் பெயரில் இருக்கும் கிணறுகள். சேது கட்டிய வானர வீரர்கள் அவர்கள். கங்கை, யமுனை, கயைக்குச் சமமாக அவர்களுக்கும் ஆளுக்கொரு தீர்த்தம் கொடுத்து வைத்திருக்கிறார்களே, கல் சுமந்தவனை மறக்காத ஊர்டா இது என்று சொல்லும்போது கண் கலங்கிவிடுவார். நள தீர்த்தத்தில் அவருடைய டம்ளரை நீட்டினேன். வாளிக்காரர் சிரித்துக்கொண்டே நிரப்பினார். குடித்தேன், நல்ல தண்ணீர். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, உப்பே இல்லை. அவரிடம் ருசியைப் பற்றிக் கேட்டேன். "கிணத்துக்குக் கிணறு மாறும் சார். மழைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. தினமும் இறைக்கிற எங்களுக்குத் தெரியும்" என்றார். அத்தை இருந்திருந்தால் அவரை அங்கிருந்து நகரவே விட்டிருக்க மாட்டார்.

ஈரத்தோடு சந்நிதிக்குப் போகக் கூடாது என்பதால் துணி மாற்றிக்கொண்டு கங்காபிஷேகத்துக்குச் சீட்டு வாங்கினேன். அனுமன் கயிலாயத்திலிருந்து கொண்டுவந்த விஸ்வநாதருக்குத்தான் இங்கே முதல் பூஜை. அனுமன் வரத் தாமதமானதால் சீதை மணலில் பிடித்த லிங்கம் ராமநாதர். தேடிப் போனவன் மனம் நோகக் கூடாது என்று ராமரே அப்படி ஏற்பாடு செய்தாராம். இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு விஸ்வநாதர் முன்னால் நின்றபோதுதான் அது எனக்குள் இறங்கியது. அனுமனும் தூரத்திலிருந்து சுமந்துகொண்டு வந்தவர். வந்து சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. ஆனாலும் அவர் கொண்டுவந்தது வீணாகவில்லை, அதற்கே முதல் மரியாதை.

என் பக்கத்தில் வடநாட்டுக் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவர்களும் கங்கை கொண்டுவந்திருந்தார்கள், ஒரு பெரிய பாத்திரம். அந்தக் குடும்பத்துப் பாட்டி என் கையிலிருந்த சின்னச் செம்பைக் காட்டி என்னவோ கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், அப்பாவின் அக்கா கொண்டுவந்தது, அவர் இப்போது இல்லை என்றேன். பாட்டி பேசவில்லை. தன் பாத்திரத்தை ஒரு அடி பின்னால் நகர்த்தி, என்னை முன்னால் போகச் சொன்னார்.

குருக்கள் செம்பை வாங்கிக்கொண்டார். (இங்கே பூஜை செய்பவர்களின் முன்னோர் மராட்டிய தேசத்திலிருந்து வந்தவர்கள், சிருங்கேரி மடத்தில் தீட்சை பெற்றவர்கள் என்பதை அத்தைதான் ஒரு குருக்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து எனக்குச் சொன்னார்.) பற்றவைத்த மூடியை நெம்பித் திறந்தார்கள். பிரயாகையில் அத்தையின் கண் முன்னால் அடைத்த மூடி. உள்ளே இருந்தது ஒரு சொம்புக்கும் குறைவான தண்ணீர். அது ராமநாதர் மேல் விழுந்து முடிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் கண்ணை மூடவில்லை. கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் அத்தை தோளில் தட்டுவார். "பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்" என்பார். கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்தேன்.

அம்மன் பர்வதவர்த்தினி சுவாமிக்கு வலப்பக்கம் இருக்கிறாள். அங்கே கும்பிட்டுவிட்டு மூன்றாம் பிராகாரத்தைச் சுற்றினேன். 1212 தூண்கள் என்பார்கள். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அத்தை அதை எண்ணிச் சரிபார்க்க இறங்கினார். ஆரம்பித்த இடம் மறந்துவிடக் கூடாது என்று ஒரு தூணடியில் என்னை அடையாளமாக நிற்க வைத்துவிட்டுப் போனார். மேற்கே சொக்கட்டான் மண்டபத்துக்கிட்டே கணக்கு விட்டுப்போய்த் திரும்பி வந்தார். வந்ததும் அடுத்த கேள்வி. இந்தத் தீவில் கருங்கல்லே கிடையாதே, இத்தனை கல்லும் கடலைத் தாண்டி எப்படி வந்திருக்கும்? அந்தக் கேள்வியோடு பாம்பன் கடலைப் பார்த்தால் இந்தப் பிராகாரத்தைக் கட்டிய சேதுபதி மன்னர்களுடைய பக்தியின் கனம் புரியும்.

மத்தியானம் தனுஷ்கோடிக்குப் போனேன். இப்போது அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு இருக்கிறது. 2017இல்தான் வந்தது. அதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து மணலிலும் தண்ணீரிலும் குதித்துக் குதித்துப் போகிற வேன்தான். அத்தை அதில் டிரைவர் பக்கத்தில் இடம் பிடித்துப் போனவர். 1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி வந்த புயலில், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களோடு கடலுக்குள் போனது இங்கேதான். சர்ச்சின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. இலங்கையின் தலைமன்னாருக்குப் போகிற கப்பலைப் பிடிக்க மெட்ராஸிலிருந்து ஜனங்கள் ரயிலில் வந்து இறங்கிய ஊர். வழியில் கோதண்டராமர் கோயில் மட்டும் அந்தப் புயலிலும் தப்பித்தது. விபீஷணன் சரணடைந்த இடம். அங்கே இறங்கி அத்தைக்காக ஒரு அர்ச்சனை செய்தேன்.

இடிந்த கட்டடங்களுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிற ஒரு அக்காவிடம் தண்ணீர் கேட்டேன். குடத்திலிருந்து மொண்டு கொடுத்தார். எங்கிருந்து பிடிக்கிறீர்கள் என்று கேட்டதும் கடையை மகளிடம் விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மணலில் ஒரு சின்னக் குழி. இந்தப் பக்கம் அலையடிக்கிற ஆண் கடல், அந்தப் பக்கம் அமைதியான பெண் கடல், நடுவில் இந்த ஊற்று. "மழைத் தண்ணி மணலுக்குள்ள இறங்கி, உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துக்கிட்டு நிக்கும் தம்பி. பதமாத் தோண்டணும். ஆசைப்பட்டு ஆழமாத் தோண்டினீங்கன்னா உப்பு வந்துரும்" என்றார். கோயில் கிணறுகளில் நல்ல தண்ணீர் எப்படி வருகிறது என்று அத்தை பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து அத்தையின் டம்ளரில் ஊற்றுத் தண்ணீரை மொண்டு கொடுத்து, "அவுங்களுக்கும் சேர்த்துக் குடிங்க" என்றார். அங்கேதான் அழுதேன்.

அன்று ராத்திரியே ஊர் திரும்புவதாக இருந்தேன். ஆனால் தேவிபட்டினம் பாக்கி இருந்தது. ராமர் நவக்கிரகங்களாக நட்ட ஒன்பது கற்கள் கடலுக்குள்ளேயே நிற்கிற இடம். அதற்கு அத்தையும் போனதில்லை, டெலிபோனில் பெயர் கேட்டதோடு சரி. மறுநாள் காலை ராமநாதபுரம் போய் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. சுற்றி வந்து கும்பிட்டேன். அப்புறம் நடைபாதையில் நின்றிருந்த பெரியவர் ஒருவரிடம், கடல் ஏறினால் எந்தக் கல் முதலில் முங்கும் என்று கேட்டேன்.

"அவசரமா போகணுமா? இல்லேன்னா இருந்து பாருங்க" என்றார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.