பசித்த புழுவோடு நாலு சனிக்கிழமை

எரிக் கார்லின் 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' 1969-இல் வந்த படப்புத்தகம். திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய், புதனன்று மூன்று பிளம், வியாழனன்று நாலு ஸ்ட்ராபெரி, வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சு என்று தின்றுகொண்டே போகும் ஒரு புழு. தின்ற இடத்திலெல்லாம் தாளில் நிஜமாகவே ஓட்டை இருக்கும். பஞ்சிங் மெஷினால் காகிதத்தில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கார்லுக்கு இந்த யோசனையே வந்தது. இப்படி ஓட்டை போட்ட புத்தகத்தை அமெரிக்காவில் கட்டுப்படியாகும் செலவில் அச்சடிக்க முடியாமல் முதல் பதிப்பை ஜப்பானில் அச்சடித்தார்கள். புத்தகத்தின் உயிரே அந்த ஓட்டையில்தான் இருக்கிறது. ஆனால் இதை வைத்து விளையாட்டுக் குழு நடத்தும்போது பெரும்பாலும் முட்டை அட்டைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, இரண்டு கண் ஒட்டி, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். இந்த முறை முட்டை அட்டையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு திட்டம் போட்டோம்.

3 முதல் 5 வயது வரை 8 பிள்ளைகள், ஆளுக்கு ஒரு பெரியவர். அடுக்ககத்தின் தரைத்தள ஹால், சனிக்கிழமை காலை 10 முதல் 11.15 வரை. ஒரே புத்தகம், நாலு வாரம்.

தொடங்கும் முன்: கறிவேப்பிலைச் செடி

கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளின் கொழுந்தில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். குண்டூசித் தலை அளவில், வெளிர்மஞ்சளாக, ஒவ்வொன்றாகத் தனித்தனியே இருக்கும். முட்டை மூன்று நாலு நாளில் பொரியும். புழுவாக ஏறக்குறைய இரண்டு வாரம், கூட்டுப்புழுவாக எட்டு முதல் பத்து நாள். கூட்டிப் பார்த்தால் நாலு வாரம் சரியாக வருவதுபோல் தெரியும், ஆனால் ஒற்றைப் புழுவை நம்பினால் அது செவ்வாய்க்கிழமை அதிகாலை யாரும் பார்க்காத நேரத்தில் பறந்துவிடும். அதனால் ஒரு முட்டை, பறவை எச்சம் மாதிரி இருக்கும் இளம்புழு இரண்டு, பச்சை நிறத்துக்கு மாறிவிட்ட பெரிய புழு ஒன்று என வெவ்வேறு வயதில் நாலு எடுத்துக்கொண்டோம்.

வைக்க 5 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, வாயில் கொசுவலைத் துணி, ரப்பர் பேண்ட். கறிவேப்பிலைக் கிளையைத் தண்ணீர் ஊற்றிய சிறிய மருந்து பாட்டிலில் செருகி, பாட்டில் வாயைப் பஞ்சால் இறுக அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் புழு தண்டு வழியே இறங்கித் தண்ணீரில் விழுந்து செத்துவிடும். கடையில் வாங்கும் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். அதில் அடித்த பூச்சிமருந்து கழுவினாலும் முழுதாகப் போகாது, ஒரே நாளில் எல்லாப் புழுவும் போய்விடலாம். மருந்தடிக்காத வீட்டுச் செடி இன்னொன்றும் கைவசம் இருக்க வேண்டும். பெரிய புழு தின்னும் வேகத்துக்கு ஒரு தொட்டிச் செடி மொட்டையாகிவிடும். எச்சத்தைத் தினமும் தட்டிக் கொட்டி, டப்பாவைத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

முதல் வாரம்: ஓட்டை

கெட்டி அட்டைப் பதிப்பு சின்னது. 8 பேரை அரைவட்டமாக உட்காரவைத்தால் பின்னால் இருப்பவர்களுக்கு ஓட்டை தெரியாது. தெரியாவிட்டால் எழுந்து வருவார்கள், ஒருவர் வந்தால் எட்டுப் பேரும் வருவார்கள். ஆகவே நாலு நாலு பேராக இரண்டு சுற்று. ஒரு சுற்று படிக்கும்போது மற்ற நால்வருக்கும் மாவு பிசைந்து விளையாடும் மேசை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். 6 நிமிடக் கதைக்கு 12 நிமிடம் பிடிக்கும், அதற்கு இடம் விட்டுத்தான் நேரம் போட வேண்டும்.

படிக்கும்போதே தமிழில் சொல்லிக்கொண்டு போனோம். இதில் ஒரு சிக்கல்: 'கம்பளிப்பூச்சி' என்று சொன்னதும் இரண்டு பிள்ளைகள் கையை இழுத்துக்கொண்டார்கள். நம்மூரில் கம்பளிப்பூச்சி என்றால் மயிர் உள்ளது, பட்டால் அரிக்கும். டப்பாவில் இருந்ததோ வழவழ புழு. அதனால் வெறும் 'புழு' என்றே வைத்துக்கொண்டோம். தொடக்கூடாது என்ற எச்சரிக்கை கம்பளிப்பூச்சிக்கு அப்படியே இருக்கட்டும்.

மாவு: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, தண்ணீர் முக்கால் கப்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக. கல் உப்பு போட்டால் நறநறவென்று கையைக் கீறும். கடற்கரை ஊர்க் காற்றில் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுநாளே மாவு பிசுபிசுக்கும், அப்போது இரண்டு கரண்டி மைதா சேர்த்துப் பிசைந்தால் போதும். நிறத்துக்கு மஞ்சள்தூள் போட்டது தப்பு. சட்டையில் பட்ட மஞ்சளை அங்கேயே சோப்பு போட்டுத் தேய்த்தார்கள், சோப்பின் காரம் பட்டு அது ரத்தச் சிவப்பாக மாறியது. துவைத்து வெயிலில் காயப்போட்டால் போய்விடும், ஆனால் அதைச் சொல்வதற்குள் இருவருக்கு அழுகை. இனி உணவு நிறமி இரண்டு சொட்டு மட்டும்.

அடுத்தது இலையில் ஓட்டை. பூவரச இலை நல்ல அகலம், இதய வடிவம், தடிமனும் உண்டு. அன்று காலை பறித்த இலையில் பஞ்ச் சரியாக வெட்டவில்லை. நரம்பு பல்லில் சிக்கி இலை கிழிந்தது. முந்தின நாள் மாலை பறித்து, செய்தித்தாளில் வைத்துக் கனமான புத்தகம் ஏற்றினால் பதமாக இருக்கிறது. இரண்டு நாள் விட்டால் நொறுங்கிவிடும். இதைவிட நல்ல வழி, இலைக்குக் கீழே பழைய நோட்டுத் தாள் ஒன்றைச் சேர்த்து வைத்து இரண்டையும் ஒன்றாக அழுத்துவது. தாளின் விறைப்பில் இலையும் வட்டமாக வெட்டுப்படும்.

கையால் நெரிக்கும் ஒற்றைத் துளை பஞ்ச் மூன்று வயதுக் கைக்கு ஆகாது. அலுவலக மேசைப் பஞ்சைத் தரையில் வைத்து, இலையை ஓரமாகச் செருகி, எழுந்து நின்று உள்ளங்கையால் அழுத்தினால் உடம்பின் எடை உதவுகிறது. 8 பேருக்கு 4 பஞ்ச் வேண்டும், 2 வைத்துச் சண்டை வந்தது. கீழே விழும் பச்சை வட்டங்களைக் கிண்ணத்தில் சேர்த்தோம். 'முட்டை' என்று பிள்ளைகளே பெயர் வைத்துவிட்டார்கள், அன்றைக்கு ஓட்டையைவிட இதற்குத்தான் மவுசு.

பெரியவர் கை

நாலு வாரத்திலும் அதிகம் கெட்டது இங்கேதான். பிள்ளை இலையைக் கோணலாக வைத்தால் அம்மா நேராக்குவார், அப்பா தானே அழுத்திக் காட்டுவார், தாத்தா முழுதாக முடித்தே கொடுப்பார். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, சும்மா இருக்கும் கை வேலை தேடும். 'தலையிடாதீர்கள்' என்று சுவரில் ஒட்டிப் பார்த்தோம், யாரும் படிக்கவில்லை. பலித்தது வேறு: ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டும் பென்சிலும் கொடுத்து, வேலை நடக்கும் 20 நிமிடமும் பிள்ளை சொல்வதை அப்படியே எழுதச் சொன்னோம். இரண்டு கையும் அதில் மாட்டிக்கொண்டன. 'புழுவுக்குப் பல்லு எங்க?', 'சனிக்கிழமை அது இங்க வருமா?' என்று வந்த சீட்டுகள்தான் அடுத்த வாரத் திட்டத்துக்கும் உதவின.

இரண்டாம் வாரம்: தின்பதும் கோப்பதும்

மேலை நாட்டுப் பழங்களைத் தேடி அலையவில்லை. ஆடி மாதம் என்பதால் பிளமுக்குப் பதில் நாவற்பழம் கிடைத்தது. ஓர் ஆப்பிள், இரண்டு கொய்யா, மூன்று நாவல், நாலு திராட்சை, ஐந்து ஆரஞ்சுச் சுளை. எண்ணித் தட்டில் வைப்பது பிள்ளைகளின் வேலை. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டியே தர வேண்டும், முழுதாக என்றால் தொண்டையில் அடைக்கும். நாவல், ஆரஞ்சில் கொட்டையை முன்பே எடுத்துவிட வேண்டும். யாருக்கு எது ஒவ்வாது என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. புத்தகத்தில் சனிக்கிழமை புழு தின்னும் பத்தில் சலாமி, ஸ்விஸ் சீஸ் எல்லாம் வரும். அவற்றைப் படித்துவிட்டு, 'நம்ம புழு என்ன தின்னும்?' என்று கேட்டுப் பட்டியல் எழுதினோம். முறுக்கு, பஜ்ஜி, ஜிலேபி, ஒரு முழுப் பூரி செட்.

புழு உடம்பு கோப்பதற்குப் பாட்டில் மூடி வைப்பதாக இருந்தது. சிறு பொருள் குழந்தையின் தொண்டையில் அடைக்குமா என்று சோதிக்கும் குழலின் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் விழும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழ் ஆகாது. தண்ணீர் பாட்டில் மூடி உள்ளே விழுகிறது, தம்பி தங்கைகளும் கூடவே வருவார்கள். பதிலுக்குப் பப்பாளி இலைக்காம்பு எடுத்தோம். உள்ளே குழல், 5 செ.மீ. துண்டாக நறுக்கினால் புழு உடம்பு தயார். முந்தின நாளே வெட்டி, ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு, பால் வடிந்ததும் துடைத்து வைக்க வேண்டும். பால் சில பிள்ளைகளுக்கு அரிக்கும். கோக்க 40 செ.மீ. ஷூ லேஸ். கம்பளி நூல் என்றால் நுனி 2 செ.மீ. ஃபெவிக்கால் தொட்டு இரவு முழுக்கக் காயவைத்தது மட்டுமே வேலை செய்தது. செலோடேப் சுற்றிய நுனி ஐந்தாவது துண்டிலேயே பிரிந்துவிட்டது. மறுநாள் காம்பு வாடிச் சுருங்கும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

போகும் முன் செய்தித்தாளில் எல்லோரும் அகலத் தூரிகையால் போஸ்டர் கலர் அடித்தார்கள். படம் கிடையாது, வெறும் நிறம், கோடு, புள்ளி. கார்லும் டிஷ்யூ தாளில் முதலில் நிறமடித்து, பிறகுதான் வெட்டி ஒட்டுவார்.

மூன்றாம் வாரம்: கிழிப்பதும் சுருள்வதும்

காய்ந்த தாள்களையெல்லாம் கலந்து நடுவில் குவித்துக் கிழிக்கச் சொன்னோம். யார் அடித்தது என்று தெரியாததால் எவருக்கும் வருத்தமில்லை. கத்தரிக்கோல் இல்லாததால் ஒழுங்காக வெட்டித்தரப் பெரியவர்களுக்கும் வழியில்லை. கிழிக்கும் திசை முக்கியம்: செய்தித்தாள் ஒரு பக்கமாக நேராகக் கிழியும், குறுக்கே இழுத்தால் கோணிப் போகும். ஒட்ட மைதா பசை, 1 பங்கு மாவுக்கு 4 பங்கு தண்ணீர், கைவிடாமல் கிளறிக் காய்ச்சியது.

பிறகு கூடு. பழைய கோரைப் பாயில் மெத்தைவிரிப்பைப் பரப்பி (கோரை முனை குத்தும்), பிள்ளையை மார்பு வரை சுருட்டுவது. தலையும் இரு கையும் வெளியே இருக்க வேண்டும். பத்து எண்ணிவிட்டுப் பாயின் நுனியை இழுத்தால் உருண்டு வெளியே வருவார்கள். ஒரு பாய்க்கு 8 பேர் வரிசை நின்றால் அழுகைதான், மூன்று பாய் போட்ட பிறகு சரியானது.

டப்பாவில் இருந்த பெரிய புழு அதற்கு முந்தின நாளே இளகலாகக் கழிந்துவிட்டுத் தின்பதை நிறுத்தியிருந்தது. அது நோயில்லை, கூட்டுப்புழுவாகப் போகிறது என்று பொருள். அந்த நேரத்தில் சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்த்து வைக்க வேண்டும். குச்சியில் இடுப்புக்கு ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

நாலாம் வாரம்

தாளின் ஒரு பாதியில் நிறம் வைத்து, மடித்து மறுபாதியில் அச்செடுக்கும் வண்ணத்துப்பூச்சிச் சிறகுக்குச் சாதாரண ஏ4 தாள் ஊறிக் கிழிந்தது, சார்ட் தாள்தான் தாங்கும். நிறம் வைக்கும் முன்பே மடித்து மடிப்புக்கோடு போட வேண்டும், ஒரு பக்கத்துக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

டப்பாவில் வளர்த்த நாலில் ஒன்று புதன்கிழமையே பறந்துவிட்டது, வீடியோ மட்டும் கிடைத்தது. ஒரு கூட்டுப்புழு பழுப்பாகி நின்றுவிட, அதிலிருந்து எறும்பளவு குளவிகள் வந்தன. இளம்புழு ஒன்று இரண்டாம் வாரமே செத்திருந்தது. கடைசிக் கூட்டுப்புழு வெள்ளி இரவு கறுத்து, உள்ளே சிறகின் கோலம் தெரிந்தது. இது தெரிந்துவிட்டால் மறுநாள் காலை வெளிவரும். டப்பாவின் மூடியைக் கழற்றி உயரமான கூடையைக் கவிழ்த்து வைத்தோம். கசங்கிய சிறகு தொங்கி விரிய இடமில்லாவிட்டால் அப்படியே காய்ந்து ஊனமாகிவிடும். 8 மணிக்கு வந்தது, 10.20-க்கு ஹால் ஜன்னல் வழியே போனது.

குளவிகளைப் பார்த்த பிள்ளை ஒன்று சொன்னதாகச் சீட்டில் இருந்தது: 'அதுக்கும் பசிச்சிருக்கு.'