குளிர்காலத்தில் என் காருக்கு ஓர் ஊர் தேடியது

சிகாகோவுக்கு மேற்கே, நேப்பர்வில்லில் இருக்கிறோம். 2021 வசந்தத்தில், பல வருட ஆசைக்குப் பிறகு, ஒரு போர்ஷே பாக்ஸ்டர் வாங்கினேன். 2010 மாடல், 2.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 255 குதிரைத்திறன், மேனுவல் கியர். இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், வண்டியின் நடுவில் இருக்கும். கூரையை மடக்கிவிட்டு இரண்டாவது கியரில் ஒரு வளைவை எடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் எழும் சத்தத்துக்காகவே அதை வாங்கினேன்.

நான் கோயம்புத்தூரில் வளர்ந்தவன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில்தான் கார் மேல் ஆசை பிறந்தது. வடக்கு இல்லினாயிஸில் வளைவும் கிடையாது, ஏற்றமும் கிடையாது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நவம்பர் பாதிக்கு மேல், பனியை உருக்க ரோட்டில் உப்புத் தூவும் லாரிகள் கிளம்பிவிடும். ரோடு முழுக்க வெள்ளைப் பூச்சு, ஏப்ரல் வரைக்கும். வண்டியின் அடிப்பாகத்தை அந்த உப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கோடைக்கான டயர்களோ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப்போய் பிடிப்பை இழக்கும். கடும் குளிரில் ரப்பரே விரிசல் விடலாம் என்று டயர் கம்பெனிகள் எச்சரிக்கின்றன.

முதல் குளிர்காலம் வீட்டு கராஜில்தான் நின்றது. டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் இருக்க மருந்து ஊற்றி, டயரில் கொஞ்சம் கூடுதல் காற்று அடித்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி, மேலே உறை போட்டேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் ஐந்து மாதம் ஒரு நல்ல வண்டியைப் போர்த்தி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பது எனக்குத் தாங்கவில்லை. எனக்கு வேலை பாதி வீட்டிலிருந்தே. ஜனவரி, பிப்ரவரியில் சில வாரங்கள் வேறு ஊரிலிருந்து வேலை பார்க்கலாம், மற்ற மாதங்களில் நீண்ட வார இறுதிகளுக்குப் பறந்து போய் வரலாம். சரி, வெயில் உள்ள ஊர் ஒன்றில் வண்டியை வைத்தால் என்ன என்று மனைவியிடம் கேட்டேன்.

"வைக்கலாம். ஆனா நீங்க இல்லாத நாள்தான் அதிகம். அப்போ அது எப்படி நிக்கும்னு முதல்ல பாருங்க" என்றாள்.

அந்தப் பேச்சின் கனம் அப்போது எனக்குப் புரியவில்லை. நான் வெப்பநிலை அட்டவணையைப் பார்த்துத்தான் தேட ஆரம்பித்தேன். அந்தக் கணக்கில் முதலில் வருவது ஃப்ளோரிடா.

2022 பிப்ரவரியில் ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் ஒரு வாரம் தங்கினோம். சிகாகோவில் பனி கொட்டிக்கொண்டிருக்க, அங்கே அரைக்கை சட்டையில் திரிந்தோம். வாடகைக்குக் கார் எடுத்து பழைய டாமியாமி ட்ரெயிலில் எவர்கிளேட்ஸ் ஓரமாகப் போனேன். ஓரத்துக் கால்வாயில் முதலை, கொக்கு, அழகுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்ப வேலையே இல்லை. ஃப்ளோரிடா மாநிலத்தின் மிக உயர்ந்த இடமே 105 மீட்டர்தான். மலையே இல்லாத ஊரில் மலைப்பாதை எங்கிருந்து வரும்? கடலுக்கு மேலே பாலம் பாலமாகக் கீ வெஸ்ட் வரை போகும் சாலை வாழ்நாளில் ஒருமுறை போகவேண்டியதுதான், வாராவாரம் ஓட்டுவதற்கல்ல. இருந்தாலும் வெயிலில் மயங்கி, கடற்கரைக்குச் சில கிலோமீட்டர் தள்ளி ஒரு மூடிய ஸ்டோரேஜைப் பேசி வைத்தேன். அக்டோபரில் முன்பணம் கட்டுவதாக ஏற்பாடு.

2022 செப்டம்பர் 28. இயன் சூறாவளி சரியாக அந்தக் கரையில் ஏறியது. கடல் தெருவுக்குள் வந்த காட்சிகளை நாள் முழுக்க டிவியில் பார்த்தோம். அங்கே வீட்டையும் உறவுகளையும் இழந்தவர்கள் முன்னால் என் கார் பற்றிய கவலை ஒன்றுமே இல்லை. ஆனாலும் அன்று ஒரு விஷயம் மண்டையில் ஏறியது. அங்கே சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நான் வண்டியை அனுப்ப நினைத்த நவம்பரும் அதற்குள்ளேதான். உப்புத் தண்ணீருக்குப் பயந்து ஓடி, உப்புத் தண்ணீரிலேயே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தேன். மனைவி கேட்டது அப்போதுதான் விளங்கியது.

அந்தக் குளிர்காலமும் கராஜில் போனது. இந்த முறை இரண்டு கேள்விகளோடு உட்கார்ந்தேன். நான் இல்லாதபோது வண்டிக்கு என்ன நடக்கும்? நான் இருக்கும்போது ஓட்ட நல்ல ரோடு உண்டா? வெயில் மூன்றாவதாகப் போய்விட்டது.

ரோடு மட்டும் போதுமென்றால் டெக்ஸஸ்தான். சான் அன்டோனியோவுக்கு மேற்கே லேக்கி என்ற சின்ன ஊரைச் சுற்றி 335, 336, 337 என மூன்று கிராமச் சாலைகள். 2023 வசந்தத்தில் ஆஸ்டின் நண்பரோடு அவர் காரில் போனேன். சுண்ணாம்புக் குன்றுகளைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கும் பாதை, எதிரே வண்டியே இல்லை. ஆனால் அந்தப் பக்கம் வசந்தத்தில் ஆலங்கட்டி மழை கடுமையாக அடிக்கும். 2021 பிப்ரவரியில் மாநிலமே உறைந்து கரண்ட் இல்லாமல் கிடந்ததையும் நண்பர் சொன்னார். மனசில்லாமல் அதைப் பட்டியலிலிருந்து அழித்தேன்.

கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸை ஒரு நாளில் முடித்துக்கொண்டேன். மலை மேலே ஐடில்வைல்டுக்குப் போகும் பாதை அருமை. வாடகை எங்கள் சக்திக்கு மேல். அத்தோடு பக்கத்துக் கணவாயில் வீசும் காற்று மணலை அள்ளி அடிக்கும். அங்கே வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்பது சும்மா அல்ல. கண்ணாடியும் பெயின்ட்டும் தேய்ந்துவிடும்.

மிச்சம் அரிசோனா. ஃபீனிக்ஸுக்கு விமானங்கள் அதிகம். ஆனால் 2023 கோடையில் அங்கே தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தாண்டியது. ஏப்ரலில் ஏதாவது காரணத்தால் வண்டியைத் திருப்பி எடுக்க முடியாமல் போனால், அந்த வெயிலில் பேட்டரியும் ரப்பரும் தோல் சீட்டும் என்ன ஆகும் என்று யோசித்தேன். 180 கிலோமீட்டர் தள்ளி, இன்னும் உயரத்தில், 700 மீட்டருக்கு மேல் இருக்கிறது டூசான். கோடையில் அங்கும் கொளுத்தும், ஆனாலும் சில டிகிரி குறைவு. ஜனவரியில் பகலில் 18, 19 டிகிரி இருக்கும். சிகாகோவிலிருந்து நேரடி விமானமும் இருந்தது.

டூசானில் எனக்கு நம்பிக்கை தந்தது அங்கே உள்ள விமானக் கிடங்குதான். டேவிஸ்-மாந்தன் விமானப்படைத் தளத்தில் அமெரிக்க ராணுவம் ஓய்வு கொடுத்த விமானங்களை ஆயிரக்கணக்கில் வெட்டவெளியில் நிறுத்தி வைத்திருக்கிறது. காரணம் இரண்டு. காற்றில் ஈரம் குறைவு, அதனால் துரு பிடிப்பது மெதுவாக நடக்கும். மண் சுண்ணாம்புக் காரை பூசியதுபோல் இறுகியிருக்கும், அதனால் சிமென்ட் தளம்கூட இல்லாமல் விமானத்தை நிறுத்தலாம். அவ்வளவு இரும்பையும் அலுமினியத்தையும் காப்பாற்றும் காற்று என் சின்ன வண்டியைக் காப்பாற்றாதா?

2023 செப்டம்பரில் இடம் பார்க்கப் போனேன். ஒரு ஸ்டோரேஜில் "குளிரூட்டப்பட்டது" என்று பலகை போட்டிருந்தது. உள்ளே நுழைந்தால் புழுக்கம், சுவரோரம் ஈர வாடை. விசாரித்தால் அங்கே இருந்தது ஏசி அல்ல, நம் ஊர் ஏர் கூலர் மாதிரி தண்ணீரை ஆவியாக்கிக் காற்றை ஊதும் பெட்டி. டூசானில் இது சகஜம், வறண்ட மாதங்களில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை அங்கேயும் பருவமழை உண்டு. அந்த ஈரத்தில் அந்தப் பெட்டி இன்னும் ஈரத்தைத்தான் ஊதும். பலகையை நம்பாமல் கருவி எது என்று கேட்க வேண்டும். பேட்டரி சார்ஜருக்குப் பிளக் பாயின்ட் உண்டா என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள். பல இடங்களில் இல்லை.

கடைசியில் மலையடிவாரத்தில் ஒரு வீட்டின் தனி கராஜைப் பேசினேன். இன்ஷூரன்ஸ்காரரிடம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை வண்டி இந்த விலாசத்தில் நிற்கும் என்று சொல்லி எழுத்தில் பதிய வைத்தேன். இதைச் செய்யாமல் விட்டால், ஏதாவது நடந்து பணம் கேட்கும்போது வண்டி எங்கே நின்றது என்பதே வழக்காகிவிடும். நவம்பர் முதல் வாரம், உப்பு விழுவதற்கு முன்னால், நானே ஓட்டிப் போனேன். செயின்ட் லூயிஸ், ஒக்லஹோமா, அமரில்லோ வழியாக, அல்புகர்கியில் தெற்கே திரும்பி, மூன்று நாளில் ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர். ஏப்ரலில் திரும்ப மூடிய லாரியில் அனுப்பினேன். திறந்த லாரியைவிட எனக்குச் சொன்ன விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆனால் வண்டி அழுக்குகூடப் படாமல் வந்தது.

நடுவில் ஒரு அடி விழுந்தது. டிசம்பரில் 19 நாள் இடைவெளிக்குப் பிறகு போய் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் விளக்கு எரிந்தது. மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இன்ஜினுக்கு மேலே குச்சியும் சோயா (cholla) என்ற கள்ளியின் முள் துண்டுகளுமாக ஒரு கூடு, பக்கத்தில் ஆக்ஸிஜன் சென்சாரின் ஒயர் கடித்து அறுந்திருந்தது. பாலைவனப் பொதி எலியின் வேலை. கிடைத்ததையெல்லாம் பொறுக்கி வந்து கூடு கட்டும் எலி அது. ஊர்க்காரர்கள் இரவில் பானெட்டைத் திறந்து உள்ளே விளக்கு போட்டு வைப்பார்களாம், வெளிச்சத்துக்கு அது வராது. என் வண்டியில் பானெட்டைத் திறந்தால் இருப்பது பெட்டி வைக்கும் இடம்தான். இன்ஜின் நடுவில் ஒளிந்திருக்கிறது, அங்கே விளக்கு வைக்க வழியே இல்லை. அந்த வாரமே ஊருக்குள், சிமென்ட் தரையும் அடியில் இடைவெளி விடாத ஷட்டரும் உள்ள கிடங்குக்கு மாற்றினேன். பிறகு எலி வரவில்லை. பாலைவனத்தை ஒட்டிய வீடு பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே வண்டியை விடாதீர்கள்.

அப்புறம், ரோடு. அதற்குத்தானே இவ்வளவும்.

ஊரின் வடகிழக்கு மூலையில் தொடங்கி மவுண்ட் லெமனுக்கு ஏறுகிறது கேடலினா ஹைவே. சுமார் 43 கிலோமீட்டரில் 750 மீட்டரிலிருந்து 2,400 மீட்டருக்கு மேல் போய்விடும். அடியில் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு வளர்ந்த சவாரோ கள்ளிகள். மேலே போகப் போகக் கள்ளி மறைந்து ஓக், பிறகு பைன். உச்சியில் பனிச்சறுக்கு மைதானமே உண்டு. இந்தச் சாலையைப் போட்டவர்கள் கைதிகள், 1933 முதல் 1950 வரை. 1942-இல், இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்க மேற்குக் கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்றும் உத்தரவுக்குப் பணிய மறுத்த மாணவர் கோர்டன் ஹிராபயாஷி இங்கே இருந்த கைதிகள் முகாமில்தான் தண்டனையை அனுபவித்தார். சிறைக்கு வரும் செலவை அரசு கொடுக்காததால், வழியில் வந்த வண்டிகளைக் கைகாட்டி ஏறி டூசான் வந்து சேர்ந்தார். அந்த முகாம் இருந்த இடத்துக்கு இன்று அவர் பெயர். ஒவ்வொரு முறையும் அங்கே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பேன். நான் ரசித்து எடுக்கும் ஒவ்வொரு வளைவும் யாரோ வேண்டாவெறுப்பாக உடைத்த பாறை.

காலை பத்து மணிக்கு முன்னால் கிளம்புவதில்லை. ஜனவரி விடியலில் ஊருக்குள்ளேயே 4 டிகிரி வரை இறங்கும். ஒரு காலை, ஊருக்கு மேற்கே உள்ள கேட்ஸ் பாஸ் கணவாய் வளைவில் பின் டயர் லேசாக நழுவியதும் அவசரப்படுவதை விட்டுவிட்டேன். மவுண்ட் லெமன் உச்சியில் பனி விழுந்தால் சங்கிலியோ நான்கு சக்கர இழுவையோ இல்லாத வண்டிகளை அனுமதிக்க மாட்டார்கள், அதனால் கிளம்புமுன் சாலை நிலவரம் கேட்பது கட்டாயம். அந்த நாட்களில் தெற்கே சொனோய்டா, பட்டகோனியா பக்கம் புல்வெளிச் சாலைகள் இருக்கின்றன.

போன பிப்ரவரியில் மனைவியும் வந்தாள். கூரையை மடக்கிவிட்டு மவுண்ட் லெமன் பாதையில் விண்டி பாயின்ட் வரை ஏறினோம். கீழே டூசான் ஊர் முழுக்கத் தட்டையாகக் கிடந்தது. நேப்பர்வில்லில் அன்று பனி. பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசலையும் சேர்த்து வாரிவிட்டதாகப் படம் அனுப்பியிருந்தார். அவள் பாறை மேல் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"இறங்கும்போது நான் ஓட்டுறேன்."

சாவியைக் கொடுத்தேன். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காமல், இரண்டாவது கியரில் விட்டு, இன்ஜின் பிடித்து இழுக்கும் சத்தத்தோடு அடிவாரம் வரை இறக்கிக் கொண்டுவந்தாள்.