பால் காலண்டர் சொன்ன கணக்கு

ஜனவரியில் சென்னையில் என் முதல் முழு மாரத்தானை ஓடி முடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. மாடிப்படியில் நேராக இறங்கினால் தொடை கத்துகிறது என்பதால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுப் பாட்டி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏதாவது வேண்டுதலாப்பா?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்று சொல்லிவிட்டேன், விளக்கம் சொல்ல அங்கே நிற்க வேண்டுமே.

நான் போட்ட இலக்கு 4 மணி 30 நிமிடம். ஓடி முடித்தது 5 மணி 8 நிமிடம். அந்த 38 நிமிடம் எங்கே போனது என்று உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதாக முடிவு செய்திருந்தேன். எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், 64 வயது, அன்றைக்கு என்னை 36வது கிலோமீட்டரில் தாண்டிப் போகும்போது முதுகில் தட்டிவிட்டுப் போனவர். அவர்தான், "மூணு நாளைக்கு ஒண்ணும் எழுதாதே தம்பி, வலி இருக்கும்போது எழுதினா எல்லாம் ஊர்மேலதான் பழி போகும்" என்றார். நான் கேட்கவில்லை. ஓடிய அன்று மாலையே போனில் ஒரு பட்டியல் போட்டுவிட்டேன்: கடற்கரையின் புழுக்கம், எதிர்க்காற்று, ஷூ, முந்தின நாள் கல்யாண ரிசப்ஷன், இரண்டு நாய்கள். கடைசி வரி, "இனி ஜென்மத்துக்கும் ஓட மாட்டேன்."

சரி, மூன்றாம் நாள் ஒழுங்காக லேப்டாப்பைத் திறந்து கடிகாரத்தில் பதிவானதை எடுத்தேன். முதலில் கண்ணில் பட்டது மொத்தத் தூரம். 42.7 கிலோமீட்டர்! மாரத்தான் தூரம் 42.195 என்று 1921இலேயே முடிவாகிவிட்டது, எனக்கு மட்டும் ஏன் 500 மீட்டர் கூடுதல் என்று கொஞ்ச நேரம் கோபமாக இருந்தது. பாதையை அளக்கும்போது வளைவுகளில் ஆகக் குறைந்த தூரம் வரும்படிதான் அளப்பார்கள். தண்ணீர் மேசை இடப்பக்கம் இருந்தால் இடப்பக்கம், யாராவது கைதட்டினால் அந்தப் பக்கம் என்று சாலை முழுக்கக் கோலம் போட்டது நான்தான்.

அடுத்து வேகம். முதல் பாதி 2 மணி 11 நிமிடம், இரண்டாம் பாதி 2 மணி 57 நிமிடம். மறைந்த கென்ய ஓட்டக்காரர் கெல்வின் கிப்டம் 2023இல் சிகாகோவில் 2:00:35 ஓடி உலக சாதனை செய்தபோது முதல் பாதியைவிட இரண்டாம் பாதியை ஒரு நிமிடம் வேகமாக ஓடினார். நான் 46 நிமிடம் மெதுவாக ஓடியிருக்கிறேன். நேப்பியர் பாலத்தில் இருட்டோடு கிளம்பியபோது கூட்டமும் மேளமும் சேர்ந்து காலைத் தூக்கிக்கொண்டு போனது, கிலோமீட்டருக்கு 6:24இல் போக வேண்டியவன் 6:05இல் போனேன். அப்போது அது திறமை மாதிரித்தான் இருந்தது.

30 கிலோமீட்டரோடு சரி. உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து ஏறக்குறைய அங்கேதான் தீரும், ஓடுகிறவர்கள் இதை 'வால்' என்பார்கள், சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி என்ற அர்த்தத்தில். அன்று மதியம் வீட்டில், "முப்பதுல வால் வந்துடுச்சு" என்று நான் சொன்னதற்கு மாமியார் பதறிப்போய், "கடிச்சுதா? ஊசி போட்டீங்களா மாப்பிள்ளை?" என்றார். கடைசி 12 கிலோமீட்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒன்பதரை நிமிடம் ஆகியிருக்கிறது. பையில் நான்கு ஜெல், அதாவது ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் இனிப்புக் கூழ், வைத்திருந்தேன், பசிக்கவில்லையே என்று மூன்றைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பசித்த பிறகு சாப்பிட இது என்ன மதியச் சாப்பாடா.

இதையெல்லாம் எக்செல்லில் போட்டு 'காரணம்' என்று ஒரு பத்தியும் வைத்திருந்தேன். பயிற்சிப் பக்கத்தில் 16 வாரம், வாரத்துக்கு 4 ஓட்டம், மொத்தம் 64. என் ஞாபகத்தில் பத்து விட்டுப் போயிருக்கும். ஆனால் ஆப்பில் 39தான் இருந்தது. ஆப் சரியாகப் பதிவு செய்திருக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மனைவி பழைய மாதக் காலண்டரைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள்.

எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. காலையில் ஓடப் போகிறவன் திரும்பும்போது ஆவின் பூத்தில் இரண்டு பாக்கெட் பால் வாங்கி வர வேண்டும். அவன் எழவில்லை என்றால் அவள் போக வேண்டும். ஓட வேண்டிய நாளில் அவள் போக நேர்ந்தபோதெல்லாம் காலண்டரில் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். கேஸ் வந்த தேதி, பேப்பர்காரருக்குக் கொடுத்த பணம், இதற்கெல்லாம் நடுவே சின்னச் சின்னச் சிவப்புக் குறிகள். அக்டோபர் தாளை மட்டும் காணோம், பையன் அதைக் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுவிட்டான், நோட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தோம். மொத்தம் 25 குறி. 64இல் 25 போனால் 39.

"நவம்பர்ல மழை" என்றேன். சென்னையில் நவம்பர் என்றால் யாரும் மறுக்க முடியாது என்ற தைரியம். அவள் காலண்டரில் ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். "இதுக்கும் மழைன்னு போட்டிருக்கீங்க. அன்னைக்குத்தான் மொட்டை மாடியில கோதுமை காயப்போட்டேன், எழுதியே வச்சிருக்கேன் பாருங்க."

நீண்ட ஓட்டங்களையாவது காப்பாற்றலாம் என்று பயிற்சியில் ஓடிய முப்பது கிலோமீட்டரைத் திறந்து காட்டினேன். டிசம்பர் ஞாயிறு, 30 கிலோமீட்டர், 2 மணி 50 நிமிடம். அதை வைத்துத்தான் ஆப் எனக்கு 4 மணி 5 நிமிடத்தில் மாரத்தான் ஓடலாம் என்று ஜோசியம் சொன்னது, நானும் அடக்கத்தோடு 4:30 என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கிலோமீட்டராகக் கீழே வந்தால் 25வது கிலோமீட்டர் 1 நிமிடம் 38 வினாடி. இன்னொரு கென்ய வீரர் எலியுட் கிப்சோகே 2019இல் வியன்னாவில், சாதனைக் கணக்கில் சேராத ஓட்டத்தில், மாரத்தான் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடியபோதே கிலோமீட்டருக்கு 2:50தான்.

மெதுவாக ஞாபகம் வந்தது. திருவான்மியூரில் இருந்து உத்தண்டி தாண்டிப் போய்த் திரும்பும்போது ஈஞ்சம்பாக்கத்தில் முடியவில்லை, ஒரு பொங்கல் வடை, அப்புறம் நண்பனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். கடிகாரம் சாப்பிடும்போது தானாக நின்று, ஸ்கூட்டர் கிளம்பியதும் தானாக ஓட ஆரம்பித்திருக்கிறது. கடைசி 9 கிலோமீட்டர் 16 நிமிடம். இந்த நான்கு மாதத்தில் ஆகச் சிறப்பாக ஓடியது அந்த ஸ்கூட்டர்தான்.

மிச்சமுள்ள 21 கிலோமீட்டரை, அதாவது என் சொந்தக் காலில் ஓடியதை, தனியாகப் பிரித்துப் பார்த்தேன். சராசரி 7:20. அதை 42.195ஆல் பெருக்கினால் 5 மணி 9 நிமிடம். போட்டியில் நான் எடுத்துக்கொண்டது 5:08. எக்செல்லில் 'காரணம்' பத்தியில் இருந்த புழுக்கம், காற்று, ஷூ, நாய் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒரு நிமிடம் மிச்சம் பிடித்திருக்கிறேன் என்பதை மட்டும் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

பெரியவரிடம் போனில் சொன்னால் சிரித்தே மாளவில்லை அவருக்கு. அவர் வைத்திருப்பது பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டு, ஒரு நாளைக்கு மூன்று வரி: எப்படித் தூங்கினேன், என்ன சாப்பிட்டேன், எங்கே வலித்தது. கிப்சோகேவும் தன் பயிற்சியை நோட்டில்தான் எழுதி வைப்பாராம் என்றேன். "அவர் வீட்டுலயும் பால் வாங்கணுமோ என்னமோ" என்றார்.

பத்தாம் நாள், படியில் நேராக இறங்கி, ஐந்து கிலோமீட்டர் மெதுவாக ஓடிவிட்டுப் பால் பாக்கெட்டோடு வந்தேன். மனைவி பாலை வாங்கிக்கொண்டு என் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். 37 நிமிடம் என்று இருந்தது. அப்படியே வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "நம்ம ஸ்கூட்டர் இங்கதானே நிக்குது?"