ஐப்பசியில் அடங்கும் காற்று

2012 தீபாவளிக்கு முந்தின வாரம். திருமங்கலம் தாண்டி ஒரு துணை மின் நிலையத்தில் நைட் ஷிப்ட் முடியும் நேரம். "லோடைக் குறைங்க" என்று மேலேயிருந்து போன். பேனலில் சுவிட்சைத் திருப்பினேன். யார்டில் பிரேக்கர் விழும் சத்தம். அந்த பீடர் லைனில் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் கரண்ட் போச்சு.

உடனே அடுத்த போன். மாவு மில்லிலிருந்து ஒரு அக்கா: "தம்பி, அதிரசத்துக்கு ஊற வச்ச அரிசி, ஈரம் காயுறதுக்குள்ள அரைக்கணும். இருபது பேர் வரிசையில நிக்கிறோம். அரை மணி நேரம் குடுங்க." மேலே கேட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அவருக்கு நான் சொன்ன "இல்லைக்கா" இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்று கரண்டைக் கொட்டிக் கொடுக்கும். ஐப்பசியில் அடங்கிவிடும். சூரியனோ சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்விடும். எங்களுக்கு லோடு ஏறுவதே அப்போதுதான். அதனால்தான் 2013 அக்டோபரில் கூடங்குளம் முதல் அணுஉலை கிரிட்டில் இணைந்தபோது மனசார மகிழ்ந்தேன். ஆயிரம் மெகாவாட், ராப்பகலாக. அது டிரிப் ஆகித் திடீரென்று நின்றால் ஆயிரமும் ஒரே நொடியில் போகும் என்பதும் உண்மை. ஆனாலும் ஓடிக்கொண்டிருந்த கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரலில் ஜெர்மனி மூடியது எனக்குத் தவறாகவே படுகிறது. புகுஷிமா அணுஉலை விபத்தைக் கண்ட ஜப்பானே 2015-ல் செண்டாய் உலையைத் திரும்ப ஓட்டியது. நாடுகள் அணுமின்சாரத்துக்குத் திரும்பத்தான் வேண்டும்.

என்னோடு ஷிப்டில் இருந்த தம்பிக்கு, கூடங்குளம் உலைக்கு அருகே, இடிந்தகரைப் பக்கம் ஊர். 2011-ல் சோதனை ஓட்டத்தின்போது நீராவி விட்ட சத்தத்தில் அவன் அம்மா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாராம். நான் உலையைப் புகழ்ந்த ஒரு ராத்திரி, ரீடிங் எழுதிக்கொண்டே கேட்டான்: "எரிச்சு முடிச்ச யுரேனியத்தை எங்கண்ணே வைப்பாங்க?"

வளாகத்துக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டியில், வருஷக்கணக்காக என்றேன். "அப்போ எங்க ஊர்லதான்" என்றான். பேனாவை மூடவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

மதுரைக்கு வெளிச்சம் வரும் வழியில் அவன் அம்மா குடியிருக்கிறார். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்தத் தொட்டியில் என்ன இருக்கிறது, எத்தனை வருஷம் இருக்கும், பிறகு எங்கே போகும் என்று அவர் பேச்சில் ஒரு அதிகாரி சொல்லவேண்டும். அவர் திருப்பிக் கேட்பதற்கும் இருந்து பதில் சொல்லவேண்டும். அங்கே இன்னும் நான்கு உலைகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன.